மணக்குடிப் பையன் எங்கே?



பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய இன்று, திபேரியக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்திலிருந்து கேட்கிறோம். அந்தக் கரைக்குப் போகுமுன் சுசீந்திரம் வரை ஒருநடை போய்வருவோம்.

சென்ற மாதம் நாங்கள் கூடினோம். நாங்கள் என்றால், 1985-இல் சுசீந்திரத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவில் பாதி வாழ்நாளைக் கழித்தவர்கள், வங்கியில் இருப்பவர்கள், வாழைத்தோப்பு வைத்திருப்பவர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்த தோழிகள், அங்கி போட்ட ஒருவன். தலையில் முடி இருக்கிறவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டோம்.

பேச்செல்லாம் பழைய பேச்சு. தேரூர்க் குளத்தில் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் பாடம் மண்டையில் ஏறாதது. தமிழாசிரியர் அந்தத் திசையைக் காட்டி, 1876-இல் அங்கே பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் உங்களைப் போல இந்த வயல் வரப்பில் நடந்தவர்தான் என்று சொன்னது. மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேர் பார்க்க எல்லாரும் சேர்ந்து ஓடியது. சிலுவை போட்டவன், திருநீறு பூசியவன் என்ற கணக்கு அன்று தேர்வடத்துக்குத் தெரியாது.

கணக்கு சாரை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் உட்காரவைத்தோம். எண்பதைத் தாண்டியவர், கண் சரியாகத் தெரியாது. பழைய குழுப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். ஒவ்வொருவர் பெயராகப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், முடிந்ததும் சொன்னார்: “மணக்குடிப் பையன் எங்கே? கணக்கில நூறு வாங்குவானே?”

யாரும் பதில் சொல்லவில்லை. அவன் படத்தில் இல்லை. ஏன் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒதுக்குவது என்றால் என்ன என்பதை சுசீந்திரத்துக்குப் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்த உரிமைக்காக 1926-இல் டாக்டர் எம். இ. நாயுடு முதலானோர் சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகுதான் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது. அந்தத் தெருவில் நடக்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகளும் நடக்க விடாதவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தோம். அதை ஒரு பெரிய காரியமாக நாங்கள் நினைத்ததுகூட இல்லை.

அப்படியிருந்தும், 1982 மார்ச் முதல் தேதி மண்டைக்காட்டில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, தீ ஊர் ஊராகப் பரவியது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து கடற்கரை மக்களையும் உள்நாட்டு மக்களையும் சந்தித்து அமைதிக்காக உழைத்தார். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. இதெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. மண்டைக்காட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், சுசீந்திரத்தில் ஏழாம் வகுப்பில் நடந்தது எந்த அறிக்கையிலும் இல்லை.

மணக்குடிப் பையன் சில வாரம் வரவில்லை. ஆண்டுத் தேர்வு நெருங்கியபோது வந்தான். வந்து தன் இடத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். மற்ற மூவரும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஆசிரியர் இன்னும் வகுப்புக்குள் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் உள்ளூர்க் கத்தோலிக்கப் பிள்ளைகளும் நாலைந்து பேர் இருந்தோம். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் ஒருவன் கேட்டான்: “அவனும் நீங்களும் ஒரே கோயில்தானே?” நாங்கள் சொன்னோம்: “இல்ல, எங்க கோயில் வேற.” பொய் இல்லை பாருங்கள். பங்கு வேறுதான். பிற்காலத்தில் குருமடத்தில் இறையியல் படித்த நாள்களில்கூட, அந்தப் பதிலில் தவறு கண்டுபிடிக்கக் கொஞ்சம் காலம் ஆயிற்று. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். சீடர்கள் கரையில் இறங்கியதும் அங்கே கரிநெருப்பு மூட்டியிருப்பதைக் காண்கிறார்கள். யோவான் நெருப்பு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இது. மற்றொன்று 18-ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முற்றத்தில். குளிருக்காகப் பணியாளர்கள் மூட்டிய கரிநெருப்பில் நின்று குளிர்காய்ந்தபோதுதான் பேதுரு, தாம் அவருடைய சீடர் அல்ல என்றார். நமக்குப் பழைய வாசனைகள் எதையெல்லாம் நினைவுபடுத்தும் என்று நாம் அறிவோம். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு என்ன ஆகியிருக்கும்? ஆண்டவர் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. அப்பமும் மீனும் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார். ஆனால் நெருப்பை மூட்டாமலும் இருக்கவில்லை. சாப்பாடு முடிந்த பிறகே, மறுதலித்தது மூன்று முறை என்பதால் மூன்று முறை கேட்கிறார், தம்மை அன்பு செய்கிறாயா என்று. மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்தினார் என்று நற்செய்தி சொல்கிறது. வருந்தாமல் அந்தக் கரையைக் கடக்க வழி இல்லை.

விழா முடிந்த மறுவாரம் நாங்கள் ஆறு பேர் மணக்குடிக்குப் போனோம். சுசீந்திரத்தைத் தொட்டு ஓடுகிற பழையாறுதான் மணக்குடிப் பொழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. நாற்பது ஆண்டாக அந்தத் தண்ணீர் போன வழி எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அங்கிருந்த பாலத்தையே கொண்டுபோனது. அப்போது நிவாரண அரிசியோடு அந்தப் பக்கம் போன எங்களில் சிலர்கூட அவனைப் பற்றி விசாரிக்கவில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். அங்கியைப் பார்த்து, “வாங்க சாமி” என்றான். ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு, வராதவர்களையும் பேர் சொல்லி விசாரித்தான். அரைமணி நேரத்தில் ‘சாமி’ போய் ‘மக்கா’ வந்துவிட்டது. அன்று எழுந்து போன மூவரில் ஒருவன் எங்களோடு வந்திருந்தான். அவன்தான் பேச்சை எடுத்தான். பாதியில் குரல் நின்றுவிட்டது.

மணக்குடிக்காரன் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “நீங்க மூணு பேரும் ஒண்ணா எந்திச்சப்போ பெஞ்சு அந்தப் பக்கம் தூக்கிடுச்சு மக்கா. விழுந்திருவேன்னு பயந்து டெஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டேன்.” அவ்வளவுதான் சொன்னான். நாங்கள் நாற்பது ஆண்டாக எது எதையோ நினைத்து வருந்தியிருந்தோம். அந்தப் பெஞ்சு சாய்ந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவன் மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார். கரிநெருப்பு இல்லை, கேஸ் அடுப்பில் வைத்த கறிதான். சாப்பிட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்டதற்குப் பிடிகொடுக்கவில்லை. “சாரை மட்டும் பாக்கணும்” என்றான். சென்ற வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போனோம். திண்ணையில் இருந்த சார், அவன் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்டே, இத்தன நாளா லீவு?”