குறிப்பறிந்து கொடுத்தலும் முடியக் கொடுத்தலும்



இத்திருவிழா நாளில் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாற்றைச் சிந்திக்கும் பேறு நமக்கு வாய்த்திருக்கின்றது. தொண்டை நாட்டுக் காஞ்சியில் ஏகாலியர் மரபில் தோன்றிய அப்பெரியார், அடியார்களின் உடையை வெளுத்துக் கொடுத்தலையே தம் தொண்டாகக் கொண்டிருந்தார். அடியார் வாய்திறந்து கேட்குமுன்னரே அவர்தம் உள்ளக் குறிப்பை அறிந்து பணி செய்தமையால் இத்திருப்பெயர் எய்தினார் என்பது பெரியபுராணம் காட்டும் செய்தி.

குளிர்காலத்தில் ஒருநாள், இறைவன் மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக ஓர் ஏழை அடியார் வடிவில் எழுந்தருளினான். பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாயின் கந்தையைக் கொண்டுபோகலாம் என்றான். நாயனாரும் உடன்பட்டு வாங்கிச் சென்று வெளுத்தார். அந்நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. மாலையும் வந்தது, மழை விடவில்லை. துணி தப்பும் கல்லிலே தம் தலையை மோதப் புகுந்தார் நாயனார். ஏகம்பநாதனின் திருக்கரம் அக்கல்லருகே தோன்றி அவரைப் பிடித்துக்கொண்டது.

துணிதான் வெளுத்தாகிவிட்டதே, உயிரை விடும் அளவுக்கு அவர் வருந்தியது ஏன் என்று சிலர் வினவலாம். அடியாரிடம் இருந்தது ஒரே கந்தை. அழுக்கேனும் அது குளிரைத் தாங்கிற்று. இப்போது அதுவும் ஈரமாய்க் கிடக்கின்றது. உலர்ந்த துணி அவர் மேனியிற் சேர்ந்தாலன்றி அத்தொண்டு தொண்டாகாது. பாதியில் நின்றால், செய்யாதிருந்ததினும் கேடாக முடியும்.

இன்று கல்விக்குப் பொருள் கொடுக்கும் அன்பர்கள் இவ்விடத்தைப் பன்முறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏழைப் பிள்ளை ஒருவன் கல்லூரியிற் சேரும் நாளில் பொன்னாடை போர்த்தி, முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகின்றோம். இரண்டாம் ஆண்டில் தாய் நோயுற்றுப் படுக்கிறாள். விடுதிக் கட்டணம் நிலுவையாகிறது. தேர்வுக் கட்டணத்திற்குக் கடைசி நாள் கடந்து போகிறது. நாயனாருக்கு வந்த மழை இதுதான். அறிவு குறைந்தா அவன் படிப்பை விடுகின்றான்? பேருந்துக் கட்டணம் இல்லாமல் விடுகின்றான். அவனைப் படிக்க வைக்க வீட்டார் வாங்கிய கடன் மட்டும் நிற்கும். பட்டமும் இல்லை, இழந்த கூலியும் திரும்பாது.

துணி வெளுத்தவர் ஒருவரின் வரலாறு கடல் கடந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்க நாட்டு மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டீஸ்பர்க் என்னும் ஊரில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற அம்மையார் வாழ்ந்தார். 1908இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி. நோயுற்ற சிற்றன்னையைப் பேணுவதற்காக ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார், மீண்டும் போகவில்லை. ஏறத்தாழ 75 ஆண்டுகள் பிறர் துணிகளைக் கொதிநீரில் இட்டு வெளுத்து, தேய்த்துக் கொடுத்தே பிழைத்தார். கார் வாங்கியதில்லை; கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே சென்றார். கூலியில் மிஞ்சியதை வங்கியில் இட்டுவைத்தார்.

முதுமையில், சேர்ந்த பொருளை எவ்வாறு பங்கிடுவது என்று வங்கி அலுவலர் கேட்டார். பத்துச் சிறு நாணயங்களை அவர்முன் வைத்தார். ஒன்றைத் தம் கோயிலுக்கும், மூன்றை உறவினர் மூவருக்கும் ஒதுக்கினார் அம்மையார். எஞ்சிய ஆறும் தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் பயிலும் ஏழை மாணவர்க்கு என்றார். அந்த ஆறு பங்கு ஒன்றரை இலட்சம் டாலர். இஃது 1995ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அப்பல்கலைக்கழகம் கறுப்பின மாணவரை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டதே 1965இல்தான். தம் இளமையில் தமக்குக் கதவடைத்திருந்த இடத்திற்கே அவர் அள்ளிக் கொடுத்தார்! செய்தி பரவியதும் வேறு பலரும் அந்நிதியில் தம் பொருளைச் சேர்த்தனர்.

கைம்மாறாக அவர் விரும்பியது ஒன்றே. தம் பொருளாற் பயின்ற பிள்ளை பட்டம் பெறும் விழாவைக் கண்ணாற் காணவேண்டும் என்றார். சேர்க்கை நாளை அவர் கேட்கவில்லை. பட்டமளிக்கும் நாளைக் கேட்டார். உலர்ந்த துணியைக் கையிற் கொடுத்துப் பழகியவர் அல்லரோ! 1999இல் அவர் மறைந்தார்.

நம் நாட்டிலும் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நிலநிவந்தம் வைத்து, மாணவர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் இத்துணை நெல் என்று அளந்து வகுத்திருக்கின்றது. கல்வி முடியுமளவும் உணவு தடைப்படலாகாது என்பதே அதன் கருத்து. ஆயினும் அந்நெல் வேத சாத்திரம் பயில்வோர்க்கே அளக்கப்பட்டது. ஏகாலியர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இலை போடவில்லை. முன்னோர் வகுத்த முறை நன்று. அதனை எல்லார்க்கும் உரியதாக்குவது நம் கடன்.

ஆதலின் அன்பர்களே, பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு மறப்பதினும், ஒரு பிள்ளையை இறுதித் தேர்வு முடியுமட்டும் கைவிடாதிருத்தல் சிறந்த அறம். பருவந்தோறும் அவனை நாமே சென்று பார்ப்போம். சாப்பிட்டாயா, கட்டணம் கட்டியாயிற்றா, வீட்டில் நலமா என்று கேட்போம். மானமுள்ள பிள்ளை இல்லை என்று சொல்லமாட்டான். அவன் முகத்தைப் பார்த்து நாம் அறியவேண்டும். நாயனாருக்குத் திருப்பெயர் தந்த குறிப்பறிதல் இதுவே.

இறைவன் கந்தை உடுத்து வந்தான். இன்று அவன் தேர்வுக் கட்டணம் கட்ட வழியின்றி நிற்கும் பிள்ளையாய் நம் தெருவில் நிற்கக்கூடும். பொழுது சாயுமுன் உலர்த்திக் கொடுப்போமாக.

திருச்சிற்றம்பலம்.