வயலில் நிற்கும் உருவங்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச வந்தது கூலி உயர்வைப் பற்றி அல்ல. பஞ்சப்படியைப் பற்றியும் அல்ல. ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சென்ற மாதம் சங்க ஆபீசில் ஓர் இளந்தோழர் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நெல் வயல்கள். வயல்களுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக மனித உருவங்கள். ஒன்று உழுகிறது, ஒன்று விதைக்கிறது, ஒன்று குனிந்து நாற்று நடுகிறது. படம் கைக்குக் கை மாறியது. நடவுக்குப் போய்விட்டு வந்திருந்த ஓர் அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுகளுக்குக் கூலி யார் குடுக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசுகிறோம்.

அந்தப் படம் ஜப்பான் நாட்டில் நீகாட்டா மாகாணத்தில் எடுத்தது. எச்சிகோ-சுமாரி என்பது அந்தப் பகுதியின் பெயர். டோக்காமாச்சி என்ற நகரமும் சுனான் என்ற ஊரும் சேர்ந்தது. பரப்பு ஏறக்குறைய 760 சதுர கிலோமீட்டர். 2000ஆம் வருஷத்திலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு கலைவிழா நடக்கிறது. மண்டபத்தில் நடப்பதல்ல. வயலில், வரப்பில், ஆற்றங்கரையில், மூடிய பள்ளிக்கூடத்தில், ஆளில்லாத வீட்டில் நடக்கிறது. கொரோனா காரணமாக 2021ல் நடக்கவேண்டியது 2022க்குத் தள்ளிப்போயிற்று. 2024ல் ஒன்பதாவது விழா நடந்து முடிந்தது.

மண்ணையே வைத்துக் கலை செய்கிற இந்த வழக்கத்தை அமெரிக்காவில் 1960களின் கடைசியில் பெரிதாகக் கிளப்பினார்கள். மைக்கேல் ஹைசர் என்பவர் 1969ல் நெவாடா பாலைவனத்தில் மேட்டுநிலத்தின் விளிம்பை வெட்டி இரண்டு பெரிய பள்ளம் தோண்டவைத்தார். பெயர்த்த கல்லும் மண்ணும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டன். 1970ல் ராபர்ட் ஸ்மித்சன் என்பவர் யூடா மாகாணத்தில் பெரிய உப்பு ஏரிக்குள் நத்தை ஓடுபோல் சுருண்டு போகும் ஒரு கரையைப் போட்டார். நீளம் 1,500 அடி. ஆறாயிரம் டன்னுக்கு மேல் பாறையும் மண்ணும் கொட்டினார்கள். படம் வாங்கி விற்கும் வியாபாரிகளின் கடையிலிருந்து கலையை வெளியே கொண்டுபோக வேண்டும், யாரும் தூக்கிக்கொண்டு போய் விற்க முடியாததாகச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த எண்ணத்தை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கல்லைத் தள்ளியது யார்? புல்டோசர்காரன், லாரி டிரைவர். புத்தகத்தின் அட்டையில் அவன் பெயர் இல்லை. அதே ஹைசர் 1970ல் தொடங்கிய இன்னொரு மண் வேலை, 'நகரம்' என்று பெயர், ஐம்பது வருஷத்துக்கு மேல் நடந்து 2022ல்தான் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். செலவு ஏறத்தாழ நாலு கோடி டாலர். ஒரு நாளைக்கு ஆறு பேர் பார்க்கலாம் என்று விதி. ஆறு பேர்!

இனி ஜப்பானுக்கு வருவோம். அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் அந்தப் பொம்மைகள் ஏன் அங்கே நிற்கின்றன என்பது புரியும்.

நெல் ஊர் அது. குளிர்காலத்தில் மூன்று மீட்டருக்கு மேல்கூட பனி விழும். பனி மூடிவிட்டால் வயலில் வேலை இல்லை. ஆண்கள் டோக்கியோவுக்குப் போய்க் கட்டட வேலையும் சாலை வேலையும் செய்து, வசந்தத்தில் திரும்புவார்கள். பெண்களுக்குத் தறி. டோக்காமாச்சி பட்டுத்துணிக்குப் பேர் போன நகரம். கிமோனோ என்ற அங்கிக்கு அங்கேதான் துணி நெய்தார்கள், சாயம் போட்டார்கள். ஜனங்கள் கிமோனோ உடுத்துவது குறையக் குறையத் தறிகள் நின்றன. மில் கதவு மூடினால் தெரு எப்படி இருக்கும் என்பதை இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

நிலம் யாருடையதாக இருந்தது? நீகாட்டா பெரும் நிலப்பிரபுக்களின் மாகாணம். ஆயிரம் ஹெக்டேர் வைத்திருந்தவர்கள் அங்கே ஒருவர் இருவர் அல்ல. அதே மாகாணத்தின் சமவெளியில் கிசாக்கி என்ற கிராமத்தில் 1922ல் குத்தகை விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். வருஷக்கணக்கில் போராட்டம் நடந்தது. 1926ல் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, தாங்களே ஒரு விவசாயிகள் பள்ளிக்கூடம் வைத்தார்கள். யுத்தம் முடிந்து 1947லிருந்து 1950க்குள் ஜப்பான் முழுவதும் நிலச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் சாகுபடி நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குத்தகையில் இருந்தது. பிறகு பத்தில் ஒரு பங்குதான் குத்தகை. அமெரிக்கப் படையின் ஆதிக்கத்தில் நடந்த காரியம் அது. கிராமங்களில் செங்கொடி ஏறிவிடக்கூடாது என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். காரணம் எதுவானாலும் உழுதவன் கைக்கு நிலம் வந்தது, தோழர்களே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்புவோம்.

நிலம் வந்தது. ஆனால் 1970லிருந்து சர்க்காரே நெல் சாகுபடியைக் குறைக்கச் சொல்லிற்று. அந்தக் கொள்கை 2018ல்தான் முடிந்தது. பல நூறு வருஷம் பாட்டனும் முப்பாட்டனும் மலையைக் குடைந்து படிப்படியாய் வெட்டிய வயல். டிராக்டர் திரும்ப இடமில்லாத வயல். அதைத் தரிசு போடு என்றால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் பட்டணம் போனார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மூடிற்று.

இந்த ஊரில்தான் ஃபுராம் கிட்டகாவா என்பவர் வந்து, 'கலைவிழா நடத்துவோம்' என்றார். அவரும் நீகாட்டாக்காரர், 1946ல் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக ஓர் ஓவியக் கண்காட்சியை 1988லிருந்து ஜப்பானில் 194 இடங்களுக்குக் கொண்டுபோனவர். ஊரார் அவரை வரவேற்றார்களா? இல்லை. 'பனியை அள்ளிக் கொட்டவே பணமில்லை, பொம்மைக்குப் பணமா?' என்ற கேள்வி எந்த ஊரிலும் எழும். அங்கேயும் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அவர் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். நடத்திய கூட்டங்கள் ஈராயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். கூட்டம் போட்டே தேய்ந்தவர்கள் நாம். ஈராயிரம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். அதைச் செய்தவர்கள் இலியா கபக்கோவும் அவர் துணைவியார் எமிலியாவும். இலியா 1933ல் சோவியத் உக்ரைனில் பிறந்தவர். மாஸ்கோவில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். பிறகு நாட்டை விட்டு அமெரிக்கா போனவர். 2023ல் காலமானார். நம் பார்வைக்கும் அவர் பார்வைக்கும் வெகு தூரம் உண்டு. இருந்தாலும் செய்த வேலையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மட்சுடாய் என்ற இடத்தில் ஆற்றுக்கு அக்கரையில் அந்த வயல்கள். இக்கரையில் ஒரு மேடை. மேடையிலிருந்து பார்த்தால், வயலின் வேலைகளைச் சொல்லும் எழுத்துக்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அந்த எழுத்துக்களின் ஊடே அக்கரையில் அந்த வேலையைச் செய்யும் உருவங்கள் தெரிகின்றன. உழவு, விதைப்பு, நடவு, புல் அறுப்பு, கடைசியில் கதிர் அறுத்து நகருக்குக் கொண்டுபோய் விற்பது. ராஜா இல்லை, சாமி இல்லை, சேனாபதி இல்லை. சிலை வைப்பதென்றால் குதிரைமேல் உட்கார்ந்தவனுக்குத்தான் வைப்பார்கள். இங்கே குனிந்தவனுக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த வயலின் சொந்தக்காரர் ஒரு வயோதிக விவசாயி. உடம்புக்கு முடியாமல் சாகுபடியை விட்டுவிட நினைத்திருந்தவர். முதலில் 'முடியாது' என்றார். முன்னோர்கள் காத்த வயலில் பொம்மை வைப்பதாவது! பிறகு கலைஞர் போட்ட திட்டத்தையும் படங்களையும் பார்த்தார். தாம் செய்யும் வேலையைத்தான் அதில் சொல்லியிருக்கிறது என்று கண்டு சம்மதித்தார். அதோடு, விடுவதாக இருந்த சாகுபடியை மேலும் சில வருஷம் செய்தார். அவருக்குப் பிறகு விழாக்காரர்களே அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது அந்தப் பகுதியின் படிக்கட்டு வயல்களில் நடவு நடுகிறவர்களில் ஒரு பெண்கள் கால்பந்துக் கோஷ்டியும் உண்டு! 2015ல் தொடங்கியது. பந்தும் விளையாடுகிறார்கள், வயலிலும் இறங்குகிறார்கள்.

நாம் மனத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்த முதியவரால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது. நிலம் அவருடையது, அதனால் ஊரெல்லாம் பேர்பெற்ற கலைஞரும் அவர் வீட்டுவாசலில் நிற்கவேண்டியிருந்தது. நிலப்பிரபுவின் காலமாக இருந்தால் குத்தகைக்காரனை யார் கேட்டிருப்பார்கள்? நம் ஊரில் நாளைக்கு ஒரு வயலில் இப்படி வைக்க வந்தால் யாரைக் கேட்பார்கள்? பட்டாதாரரைக் கேட்பார்கள். முப்பது வருஷம் அதே வயலில் நாற்று நட்ட அந்த அம்மாளைக் கேட்பார்களா?

இன்னொரு வேலையையும் சொல்லியாகவேண்டும். நமக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். ஷினானோ ஜப்பானிலேயே நீளமான ஆறு, 367 கிலோமீட்டர். அது இந்த வழியாகப் போகிறது. அதன் தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுத்து, டோக்கியோ பக்கத்து ரயில்களை ஓட்டுகிறார்கள். 2000ல் இசோபே யுக்கிஹிசா என்ற கலைஞர் வயல்களின் நடுவே நூற்றுக்கணக்கான மஞ்சள் கம்பங்களை நட்டார். ஆறு முன்னே வளைந்து வளைந்து ஓடிய தடம் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல். 'ஆறு எங்கே போயிற்று?' என்று அதற்குப் பெயர் வைத்தார். ஒரு கோஷம் எழுதவில்லை, ஒரு சொற்பொழிவு செய்யவில்லை. கம்பத்தைப் பார்த்தவனெல்லாம் கேட்டான். ஒன்பது வருஷம் கழித்து, 2009ல், அனுமதித்த அளவுக்கு மேல் தண்ணீர் எடுத்ததற்காக அந்த ரயில்வே கம்பெனியின் தண்ணீர் உரிமையைச் சர்க்கார் ரத்து செய்தது. 2010ல் திரும்பக் கொடுத்தும் விட்டது. கம்பத்தால்தான் ரத்து ஆயிற்று என்று நாம் சொல்லவில்லை. கடைமடையில் நிற்கிறவன் எதைக் கேட்பானோ அதை ஒரு கலைஞன் முன்கூட்டியே கேட்டான் என்கிறோம்.

நிற்க. நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாகாது.

2000ல் விழா பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர். 2018ல் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் டோக்காமாச்சியின் ஜனத்தொகை என்ன? 2005ல் 62 ஆயிரம். 2020ல் 50 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பார்க்க வருகிறவன் கூடுகிறான், குடியிருக்கிறவன் குறைகிறான். சனாடா என்ற ஊர்ப் பள்ளிக்கூடம் 2005ல் மூடியபோது மிஞ்சியிருந்த பிள்ளைகள் மூன்றே பேர். 2009ல் தாஷிமா செய்சோ என்ற குழந்தைப்பட ஓவியர், அந்த மூன்று பிள்ளைகளையே கதாபாத்திரங்களாக்கி, பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரு படப் புத்தகமாகச் செய்துவிட்டார். அருமையான வேலைதான். ஆனால் நான்காவது பிள்ளை அங்கே வந்து படிக்கப்போவதில்லை. கலைஞர்மேல் குற்றமில்லை, நெல்லுக்கு விலையும் ஊரில் வேலையும் அவர் கொடுக்கவேண்டியவை அல்ல. கொடுக்கவேண்டியவர்கள் விழாவைத் திறந்து வைத்துக் கைதட்டிவிட்டுப் போகக்கூடாது என்றுதான் சொல்கிறோம்.

அந்த அம்மாளின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டுமே! பொம்மைகளுக்குக் கூலி இல்லை. வேலை செய்தவர்களுக்கு? அங்கே வேலைசெய்பவர்களில் பெரும்பகுதி தொண்டர்கள். நகரத்து மாணவர்களும் இளைஞர்களும். கூலி வாங்காமல் வயலில் களை எடுக்கிறார்கள், பழைய வீட்டைத் துப்புரவு செய்கிறார்கள். ஓர் ஆளில்லாத விவசாயி வீட்டை மாணவர்கள் இரண்டு வருஷத்துக்கும் மேல் உளியால் செதுக்கினார்கள். தூண், தரை, உத்தரம், ஓர் இடம் விடவில்லை. 2006ல் அது முடிந்தது. மனமுவந்து செய்தால் அது தொண்டு. அதற்கு நாம் வணக்கம் சொல்வோம். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் பார்க்க வரும் விழா வருஷத்துக்கு வருஷம் இனாம் உழைப்பை நம்பியே நடக்கலாமா? அதை அந்த ஊர்க்காரர்களும் தொண்டர்களும் பேசித் தீர்க்கட்டும்; நம் மனத்துக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மாள் இன்று வந்திருக்கிறார், பின்வரிசையில் இருக்கிறார். படத்தை இன்னொரு முறை காட்டச் சொல்லியிருக்கிறோம். நாற்று நடுகிற அந்த உருவம் முடியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறதா என்று அவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். இரவு ஷிப்டுத் தோழர்கள் போகவேண்டிய நேரம் ஆகிவிட்டது. அவர்கள் கேட்க நினைப்பதை முதலில் கேட்கட்டும்.