கட்டுண்ட வலக்கை

தமிழில் தோள் என்பது பெருமிதமான சொல். உதவி செய்வதைத் தோள்கொடுத்தல் என்கிறோம். மாலை தோளுக்கு உரியது. துண்டும் தோளுக்கு உரியது. மகன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டால் அவன் தோழன் என்பது நம் நாட்டுப் பழமொழி. வீரரின் தோளைக் குன்றென்றும் மலையென்றும் பாடாத புலவர் அரியர். ஆயின் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்று, உடம்பிலுள்ள பெரிய மூட்டுகளுள் எளிதில் நழுவுவது எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் தோளைத்தான் சுட்டிக் காட்டுவார்.

இதனை நான் நன்கு தெரிந்துகொண்டது 2013ஆம் ஆண்டின் இறுதியில். அப்போது அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் கற்பித்துவந்தேன். என் மனைவி பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. காலை எட்டு மணிப் பேருந்தில் புறப்பட்டால் மாலை ஐந்தரைக்கு மேல்தான் வீடு திரும்புவார். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என் தாயாருக்கு அப்போது 84 வயது. இரண்டு முழங்கால்களும் வலுவிழந்த நிலையில், கட்டிலிலிருந்து அவரை எழுப்பி நிறுத்துவது நாள்தோறும் என் வலக்கையின் வேலை. அக்டோபர் மாத மழையில், பாசி படிந்த கிணற்றடியில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் மறுநாள் முதல் என் கை தோளுக்கு மேலே எழ மறுத்துவிட்டது.

தோளின் அமைப்பைச் சற்றுப் பாருங்கள். இடுப்பு மூட்டில், தொடையெலும்பின் உருண்டைத் தலை ஆழ்ந்த கிண்ணம் ஒன்றினுள் அமர்ந்திருக்கிறது. தோளில் அவ்வாறு இல்லை. மேற்கை எலும்பின் தலை பெரிது. அது பொருந்தும் தோள்பட்டைக் குழியோ சிறிது, ஆழமும் இல்லாதது. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதுதான் தோள்மூட்டு. கரண்டி ஆழமாக இருந்தால் பழம் விழாது. ஆனால் கை இவ்வளவு தாராளமாகச் சுழலவும் முடியாது. நாம் மரமேறுவதும், பந்தெறிவதும், முதுகு சொறிவதும் இந்த ஆழமின்மையால் பெற்ற பயன்கள். பழம் உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை நான்கு தசைகள் செய்கின்றன. அவை தோள்பட்டை எலும்பில் தொடங்கி, தசைநாண்களாகக் குறுகி, மேற்கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகத் தழுவிக்கொள்கின்றன. சட்டைக்கையின் மடிப்பைப் போலச் சூழ்ந்திருப்பதால் ஆங்கிலத்தில் இவற்றை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பர். என் தோளில் கிழிந்தது இவற்றுள் மேற்புறத்து நாண்.

ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். கணக்கு வாத்தியாரின் பழக்கம் எளிதில் போவதில்லை. மனிதனின் ஒரு கை அவனது உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவனுக்கு அது 3 கிலோ. கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால், அந்த எடை மூட்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் நின்று இழுப்பதாகக் கொள்ளலாம். அதனைத் தாங்கும் தசைகளின் பிடியோ மூட்டிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தொலைவிலேயே உள்ளது. நெம்புகோல் விதிப்படி, பத்தில் ஒரு பங்கு தொலைவிலிருந்து இழுப்பவன் பத்து மடங்கு வலுவுடன் இழுக்க வேண்டும். ஆகவே வெறுங்கையை நீட்டுவதற்கே 30 கிலோ அளவுக்குத் தசைகள் உழைக்கின்றன. அக்கையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்தால் இன்னும் 20 கிலோ கூடும். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டால் இந்தச் சுமை மிகக் குறைந்துவிடும். கரும்பலகையின் மேல்விளிம்பில் எழுதும் ஆசிரியரும், பரணிலிருந்து அண்டாவை இறக்கும் தாயும் எத்துணைப் பெரிய எடையைத் தூக்குகிறார்கள் என்பதை இதிலிருந்து நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கிழிந்த தோள் எல்லாவற்றுக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. முதுமையில் நாண்கள் தேய்ந்து நைந்து கிழிவது மிகுதி. அவற்றுள் பல பயிற்சியாலேயே வசப்படுகின்றன. ஆனால் விழுந்த அடியில் நாண் முழுவதும் அறுந்து எலும்பைவிட்டு விலகிவிட்டால், அதனோடு இணைந்த தசை நாளடைவில் சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்கும். அதன்பின் இழுத்துத் தைத்தாலும் பயன் குறைவு. ஆதலால் கோடை விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம் என்றார் மருத்துவர். மார்ச்சில் பொதுத்தேர்வு. என்னிடம் படித்தவர்களில் சிலர் கணக்கில் தேறுவார்களோ மாட்டார்களோ என்னும் எல்லையில் நின்றார்கள். காலண்டரை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஓரிரவு முழுவதும் கணக்கிட்டோம். டிசம்பர் முதல் வாரத்தில் அறுவை. ஆறு வாரம் மருத்துவ விடுப்பு. பொங்கல் கழிந்து பணிக்குத் திரும்புதல் என்று முடிவாயிற்று.

அறுவை என்றதும் பெரிய கத்தியை நினைத்து அஞ்ச வேண்டாம். சில சிறு துளைகள் வழியே குழல் ஒன்றைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே தைத்துவிடுகிறார்கள். 1918ஆம் ஆண்டில் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலைக் கொண்டு, இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டுக்குள் நோக்கினார். அவர் வழிவந்த மசாகி வாதனாபே 1950களில் அக்கருவியைத் திருத்தமாக அமைத்தார். எலும்பில் சிறிய ஆணி போன்ற பிடிப்பான்களைப் பதித்து, அவற்றிலுள்ள நூலால் நாணை இழுத்துக் கட்டுகிறார்கள். கழுத்தடியில் போட்ட ஊசியால் மறுநாள் காலைவரை என் கை எவருடையதோ போல மரத்துக் கிடந்தது. பிறகு வலி தன் கணக்கைத் தொடங்கியது.

இங்கேதான் சிகிச்சையின் நுட்பமான பகுதி உள்ளது. நூல் நாணைச் சிறிது காலந்தான் பிடித்து நிறுத்தும். எலும்போடு அதனை ஒட்டவைக்க வேண்டியது உடம்பின் வேலை. நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் அது நன்கு ஒட்டுவதற்கு ஏறத்தாழ 12 வாரம் பிடிக்கும். அதற்குள் கையைத் தன் வலுவால் தூக்கினால் தையல் பிரியலாம். அசைக்காமலே கட்டி வைத்தாலோ மூட்டு இறுகிப்போகும். நீரிழிவு உடையவர்களுக்கு இவ்வாறு இறுகும் இடர் மிகுதி. இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதற்கு ஒரு வழி உண்டு. மூட்டு அசைய வேண்டும். ஆனால் தைத்த தசை உழைக்கக் கூடாது. மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து, வலக்கையைத் தளர்ந்த கயிறுபோலத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டினால், கை ஊசல்போல் தானே ஆடும். ஆட்டுவது உடல், ஆடுவது கை.

இப்பயிற்சி பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் பெயரால் வழங்குகிறது. 1934இல் ‘தோள்’ என்ற பெருநூலை வெளியிட்டவர் அவர். அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து வீடு சென்ற நோயாளி ஓராண்டுக்குப் பின் எவ்வாறு இருக்கிறார் என்பதை மருத்துவமனைகள் தேடிப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்; தம் சிறு மருத்துவமனையில் நேர்ந்த பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தேர்வு முடிந்ததும் விடைத்தாளைக் கட்டி வைத்துவிடும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அம்மனிதரிடம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

முதல் ஆறு வாரத்தை விரிக்க வேண்டியதில்லை. விலாவுக்கும் கைக்கும் நடுவே ஒரு சிறு தலையணை, அதன்மேல் தூக்குப்பட்டை, இரவில் படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியில் உறக்கம். ஒரு கையால் வேட்டி கட்ட முயன்று பாருங்கள், அப்போது தெரியும்! ஒட்டும் பட்டை தைத்த வேட்டியை மகள் வாங்கிவந்தாள். சோற்றை இடக்கையால் கரண்டியில் எடுத்து உண்டேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது, மூன்றாம் நாள் பசி கூச்சத்தை வென்றது.

வலியைவிடப் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. என் தாயாரை எழுப்பி நிறுத்த வீட்டில் ஆள் இல்லை. மனைவி ஒருவரே அவரையும் என்னையும் பார்த்து, சமைத்து, எட்டு மணிப் பேருந்தையும் பிடிக்க இயலாது. திருச்சியிலுள்ள என் தம்பி வீட்டுக்கு அம்மாவை அனுப்ப நேர்ந்தது. தம்பியும் அவன் மனைவியும் பொன்னைப்போல் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். இருந்தாலும் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த வீட்டைவிட்டு, கார் கதவைப் பிடித்துக்கொண்டு, ‘உன் கை சரியானதும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாய் அல்லவா, தம்பி?’ என்று அவர் கேட்டபோது, விடை சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை. 84 வயதில் ஆறு வாரம் என்பது சிறிய காலம் அன்று. அன்று முதல் நாளுக்கு நான்கு முறை, கடிகாரத்தைப் பார்த்துப் பயிற்சி செய்தேன்.

பொங்கல் கழிந்து பள்ளிக்குச் சென்றேன். ஆறு வாரமும் பொறுப்பேற்றிருந்த உதவித் தலைமையாசிரியர் அரையாண்டுத் தேர்வையும் சம்பளப் பட்டியலையும் ஒழுங்காக முடித்துவைத்திருந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு கையெழுத்திடலாம் என்று மருத்துவர் இசைவு தந்திருந்ததால் அலுவல் தடைப்படவில்லை. கூட்டமான பேருந்தில் மேற்கம்பியைப் பிடித்து நிற்பது ஆகாது. ஆகவே உட்கார இடம் கிடைக்கும் முற்பகுதிப் பேருந்தில், முக்கால் மணி நேரம் முன்னதாகவே சென்றேன். கரும்பலகையே இடர். மார்புக்குக் கீழே எழுதினால் முன்வரிசைத் தலைகள் மறைத்தன. ஆகவே நான் சொல்ல, மாணவர் ஒருவர் எழுதுவது என்று ஏற்பாடு செய்தேன். வடிவியல் தேற்றத்தை வாயால் சொல்லி இன்னொருவனை எழுதவைப்பது எளிதன்று. ‘இந்தக் கோணம்’, ‘அந்தப் பக்கம்’ என்று விரலால் காட்ட முடியாது. ஒவ்வொன்றையும் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். எழுதுகிறவன் எங்கே தயங்குகிறான் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். எல்லையில் நின்றவர்களையே நாள்தோறும் எழுத அழைத்தேன். முதல் வாரம் அவர்களுக்கு நடுக்கம். இரண்டாம் வாரம் நான் சொல்வதற்கு முன்பே அடுத்த வரியை எழுதத் தொடங்கினார்கள். ‘ஐயா, உங்கள் கை சரியான பிறகும் நாங்களே எழுதுகிறோம்’ என்று ஒரு பையன் கேட்டான். பணி ஓய்வு பெறும்வரை அவ்வாறே நடந்தது.

அம்மா பிப்ரவரி இறுதியில் திரும்பிவந்தார். ஆனால் அவரைத் தூக்கும் வலு என் கைக்கு அப்போது இல்லை. 12 வாரம் கழித்துத்தான் வலுவேற்றும் பயிற்சியே தொடங்கும். இதனை இயன்முறை மருத்துவரிடம் சொன்னேன். முதியவரைத் தூக்கவே வேண்டாம் என்றார் அவர். உங்கள் வீட்டிலும் பாட்டி தாத்தா இருப்பார்கள்; ஆகையால் அவர் கற்பித்ததைச் சொல்கிறேன். கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் முதலில் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து ஊன்ற வேண்டும். பிறகு மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, கைகளால் கட்டிலை அழுத்தி எழ வேண்டும். பலர் நிமிர்ந்தபடியே எழ முயல்கிறார்கள். உடலின் எடை பாதத்தின்மேல் வராததால் பின்னே சாய்ந்துவிடுகிறார்கள். அக்குளில் கைகொடுத்து இழுப்பது இருவர் தோளுக்கும் கேடு. கட்டிலின் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். நான்காம் நாள் அம்மா தாமே எழுந்து நின்றார். நான் அவர் இடுப்பருகே இடக்கையை வைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவே.

அதன்பின் காலையில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி. நான் சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவேன்; எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுவாள். அம்மா கட்டிலிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வார். எண்ணிக்கையில் ஏமாற்றப் பார்ப்பார். மனைவி அடுக்களையிலிருந்தே, ‘எட்டுதான் ஆயிற்று, அத்தை!’ என்று குரல் கொடுப்பார். பொதுத்தேர்வு நடந்த நாட்களில் என் கோடு தோள் உயரத்தில் இருந்தது. ஜூன் மாதத்தில் தலைக்கு மேலே சென்றது. வலப்பக்கம் ஒருக்களித்து உறங்கப் பத்தாம் மாதம் ஆயிற்று. முதுகுக்குப் பின்னே கையை மடக்குவது இன்றும் இடக்கையளவுக்கு வரவில்லை. குளித்தபின் முதுகைத் துடைக்கத் துண்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா அதன்பின் நான்கு ஆண்டு எங்களுடன் இருந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அந்தச் சுவரில் கதவுக்கு அருகிலுள்ள இரண்டடி அகலத்தை மட்டும் விட்டுவிடும்படி மகள் சொல்லிவிட்டாள். கோடுகள் இன்னும் இருக்கின்றன.