சுற்றுவதா, பூசுவதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)

 

"உன் தொழிலைப் பற்றி இருபது நிமிஷம் பேசு, ஆனால் யாரும் தூங்காதபடி பேசு" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு இப்படி ஒரு நிபந்தனை விதிப்பது நியாயமா என்று தெரியவில்லை. என் தொழில் எக்ஸாஸ்ட். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையோடுதான் பல வருஷமாக என் பிழைப்பு. என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே காலையில் ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன். பந்தய வண்டி கட்டும் மாணவர் குழுவில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, ஹெடர் சூடு தாங்க முடியலை. ரேப் சுத்திடலாமா, இல்லே செராமிக் கோட்டிங் அடிச்சிடலாமா?" என்று கேட்டார். தலைப்பு கிடைத்துவிட்டது.

சிவில், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்காக ஒரு வரி. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த வாயுவை வெளியே எடுத்து வந்து ஒன்றாகச் சேர்க்கும் குழாய்களுக்குத்தான் ஹெடர் என்று பெயர். முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் எஞ்சினில் அந்த வாயுவின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூடு பானட்டுக்குள் பரவினால் ஒயர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் வேகும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றும் சூடாகும். 40 டிகிரி காற்று 50 டிகிரி ஆனால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. பவரும் ஏறக்குறைய அந்த அளவுக்குப் போய்விடும்.

ஆகவே சூட்டைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். இங்கேதான் முதல் குழப்பம். ரேப்போ கோட்டிங்கோ சூட்டைக் குறைப்பதில்லை; குழாய்க்கு உள்ளேயே இருக்கச் சொல்கின்றன, அவ்வளவுதான். வெளியே வராத சூட்டை யாராவது சுமக்க வேண்டும் அல்லவா? பெரும்பகுதி புகையோடு பின்பக்கம் போய்விடுகிறது. ஆனால் வழியில் அதைச் சுமப்பது குழாயின் உலோகம். அந்த உலோகம் எவ்வளவு சுமக்கும் என்று பார்க்காமல் எதையும் சுற்றவும் கூடாது, பூசவும் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதிய எல்லோருக்கும் இது பழக்கமான கணக்குத்தான். குழாய்க்குள் வாயு 800 டிகிரி, வெளியே எஞ்சின் அறைக் காற்று 80 டிகிரி. வெப்பக் கடத்தல் கெழு உள்பக்கம் 150, வெளிப்பக்கம் 30 என்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம். துரு நிறமேறிய வெறும் எஃகுக் குழாயின் உமிழ்திறன் 0.8. இந்த எண்களைப் போட்டால் குழாயின் சுவர் சுமார் 560 டிகிரியில் நிற்கும். ஒரு சதுர மீட்டரிலிருந்து 36 கிலோவாட் வெளியேறும். நாலு சிலிண்டர் ஹெடருக்கு மொத்தப் பரப்பு 0.3 சதுர மீட்டர் இருக்கலாம். அப்படியானால் கிட்டத்தட்ட 11 கிலோவாட். வீட்டில் ஒரு கிலோவாட் ஹீட்டர் போட்டாலே மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பதறுகிறோம். பானட்டுக்குள் அதுபோல் பதினொன்று!

இப்போது ரேப். கண்ணாடி இழையிலோ பசால்ட் என்ற எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த இழையிலோ நெய்த, இரண்டு அங்குல அகல நாடா இது. தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் கால் அங்குலம் ஏறும்படி இறுக்கிச் சுற்றி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நாடாவால் கட்டுவார்கள். கையுறை போடாமல் சுற்றினால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது புகை கிளம்பும். பயப்பட வேண்டாம், இழைமேல் இருக்கும் பூச்சு எரிகிறது.

1.5 மில்லிமீட்டர் கனமுள்ள அந்த நாடாவை நம் கணக்கில் சேர்த்தால் வெளியேறும் வெப்பம் 36 கிலோவாட்டிலிருந்து 19 ஆக, ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 'கிரிட்டிகல் ரேடியஸ்' பிரச்சினை வராதா என்று நன்றாகப் படித்தவர்கள் கேட்கலாம். வராது. இங்கே அந்த ஆரம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். நம் குழாயின் ஆரமோ இருபது. பரீட்சைக்கு அத்தனை தடவை போட்ட கணக்கு இங்கே ஒரு வரியில் முடிந்துபோகிறது.

சூட்டைத் தடுக்கும் வேலையில் ரேப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் குழாயின் சுவர் இப்போது எத்தனை டிகிரி? 560 இல்லை, 675. சாதாரண எஃகு 550ஐத் தாண்டினாலே மேலே செதில் செதிலாக ஆக்சைடு கட்டி உதிரும். 675 டிகிரியில் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத குழாய் உள்ளுக்குள் கரைந்துகொண்டே இருக்கும். மேலே துணி மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. 304 ஸ்டெயின்லெஸ் என்றால் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். ஆனால் அதற்கும் ஒரு சங்கடம் உண்டு. 425 முதல் 850 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால், அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து மணி எல்லைகளில் ஒதுங்கிவிடும். பக்கத்து உலோகம் துருவுக்குத் திறந்துவிட்ட கதவாகிவிடும். மழையில் நனைந்து வந்து நிறுத்திய வண்டியில் ரேப் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். சில ஹெடர் தயாரிப்பாளர்கள் "ரேப் சுற்றினால் வாரண்டி கிடையாது" என்று அச்சடித்தே கொடுப்பது சும்மா இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. வெறும் குழாய் மேல் ஆயில் சொட்டினால் நாற்றம் அடிக்கும், புகை வரும், கண்டுபிடித்துவிடுவோம். ரேப் மேல் சொட்டினால் அது குடித்துக்கொள்ளும். எண்ணெய், நூல், சூடு: அகல்விளக்குக்கு வேண்டியதும் இந்த மூன்றுதானே? ஆயில் ஊறிய ரேப் ஒரு தடித்த திரி.

அந்தத் தம்பிக்கு நான் பதில் சொல்லவே தேவையில்லாமல் விதிப் புத்தகம் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகளிலும் ஜெர்மனியின் ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளிலும், நார் நாராக இருந்து திரவத்தை உறிஞ்சும் எந்தப் பொருளையும் எக்ஸாஸ்டின் வெளிப்புறம் சுற்றக் கூடாது என்று தடையே இருக்கிறது. ஹெடர் ரேப் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கும் ஃபார்முலா பாரத் போட்டியும் ஜெர்மானிய விதிகளை ஒட்டியதுதான். தொழில்நுட்பச் சோதனையில் வண்டி நின்றுபோனால் ஒரு வருஷ உழைப்பு வீண். விதிப் புத்தகத்தை டிசைன் செய்வதற்கு முன்னால் படியுங்கள் தம்பிகளா. வெல்டிங் முடிந்த பிறகு படிக்காதீர்கள்.

அப்படியானால் கோட்டிங்தானா? இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் 'செராமிக்' என்ற சொல் கடைக்காரர் வாயில் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. "ராக்கெட்டில் போடுவது சார்" என்பார்கள். அதில் பொய் இல்லை. 1960களில் அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் எஞ்சின் நாசிலில் சிர்கோனியா பூச்சு இருந்தது. இன்றைய ஜெட் எஞ்சின் டர்பைன் பிளேடுகளிலும் சிர்கோனியாதான். கால் மில்லிமீட்டர் பூச்சு அங்கே உலோகத்தின் வெப்பத்தை நூறு டிகிரிக்கும் மேல் இறக்கிவிடுகிறது.

அதே பூச்சு நம் ஹெடரில் என்ன செய்யும்? டர்பைன் பிளேடுக்கு உள்ளே குளிர்காற்று ஓடுகிறது. அதனால் பூச்சின் வழியாகச் சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் அளவில் வெப்பம் பாய்கிறது. அவ்வளவு பாய்ந்தால்தான் கால் மில்லிமீட்டரில் அத்தனை டிகிரி வித்தியாசம் வரும். நம் ஹெடரில் பாய்வது 36 ஆயிரம் வாட். கால் மில்லிமீட்டர் சிர்கோனியாவைக் கடந்தால் வித்தியாசம் பத்து டிகிரிகூட இல்லை. கடைகளில் ஸ்பிரே செய்து அடுப்பில் சுட்டுத் தரும் கோட்டிங்கோ 50 மைக்ரான் கனம் இருந்தால் அதிகம். அதில் கிடைப்பது இரண்டு டிகிரி! வெப்பத்தைத் தடுக்கும் சுவர் என்று பார்த்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனாலும் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் கோட்டிங் அடித்த ஹெடரின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் குறைவாகத்தான் அடிக்கிறது. காரணம் செராமிக் அல்ல, அந்தப் பளபளப்பு. கதிர்வீச்சு வெப்பம் கெல்வின் கணக்கில் நான்காம் அடுக்காக ஏறும். 560 டிகிரியில் வெறும் குழாய் இழக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் கதிர்வீச்சுதான். அலுமினியம் கலந்த பளபளப்பான மேற்பரப்பின் உமிழ்திறன் 0.3 என்று வைத்தால், நம் கணக்கில் 36 கிலோவாட் 27 ஆகக் குறைகிறது. சுவர் 620 டிகிரிக்குப் போகிறது. ஆக ரேப் தருவதில் பாதிப் பலன். ஆனால் ஈரம் தேங்காது, ஆயில் ஊறாது, துருவும் பிடிக்காது. எனக்கு இந்த வியாபாரம் நியாயமாகப் படுகிறது.

ஆனால் அதே கோட்டிங்கைக் கறுப்பு நிறத்தில் கேட்டு வாங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். கறுப்பு பார்க்க அழகு. துருவுக்கும் நல்ல பாதுகாப்பு. அனலைப் பொறுத்தவரை வெறும் குழாய்க்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெள்ளி நிறத்திலும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இந்த வகைப் பூச்சுகள் பலவற்றின் எல்லை 700 டிகிரி அளவில்தான். டர்போவை ஒட்டிய குழாய்க்கு அது போதாது. இரண்டு, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து மங்கினால் பலனும் மங்கும். பூசுவதற்கு முன் மணல் வீசிச் சுத்தமான உலோகம் தெரிய வேண்டும்; துருவின் மேல் பூசினால் உரிந்து வந்துவிடும்.

இவ்வளவு நேரம் இரண்டு வழிகளைச் சொன்னேன். கார் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டையும் செய்வதில்லை. உங்கள் வண்டியின் பானட்டைத் திறந்து பாருங்கள். மேனிஃபோல்டுக்கு முன்னால் புடைப்பு போட்ட மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அதுதான் ஹீட் ஷீல்டு. இடையில் காற்று ஓட இடைவெளி விட்டிருப்பார்கள். தகடு கதிர்வீச்சை மறிக்கும். காற்று அந்தச் சூட்டை அள்ளிப் போகும். குழாய் மூச்சுமுட்டுவதில்லை, எண்ணெய் ஊற இடமில்லை, நாலு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விலையும் அதிகமில்லை. கவர்ச்சி இல்லாததால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாணவர் வண்டிக்கு என் சிபாரிசு இதுதான்: முதலில் ஷீல்டு, காசு மிஞ்சினால் வெள்ளிக் கோட்டிங்.

தினமும் ஆபீஸ் போகிற காருக்கு? ஒன்றும் வேண்டாம். குறிப்பிட்ட ஒயரோ ஹோஸோ வெந்துகொண்டிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் தகடு போடுங்கள். டர்போ வைத்த பந்தய வண்டி, சூடு குழாயிலேயே இருந்தால் டர்பைனுக்கு லாபம், குழாய் நல்ல ஸ்டெயின்லெஸ், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது, விதியும் தடுக்கவில்லை என்றால் தாராளமாக ரேப் சுற்றலாம்.

கடைசியாக, கடையில் நடக்கும் ஒரு வேடிக்கை. கோட்டிங் அடித்த குழாயையும் அடிக்காத குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் சூடாக்கி, இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டி, "பாருங்க சார், எத்தனை டிகிரி குறைஞ்சிருக்கு!" என்பார்கள். சாதாரணத் துப்பாக்கி, எதிரே இருப்பதன் உமிழ்திறன் 0.95 என்று நம்பிக்கொண்டு அளக்கும். பளபளப்பான மேற்பரப்பு குறைவாக உமிழ்வதால், அது உண்மையைவிடக் குறைந்த டிகிரியைத்தான் காட்டும். நம் கணக்குப்படி கோட்டிங் அடித்த குழாயின் உலோகம் கூடுதல் சூடாக இருக்க வேண்டும். துப்பாக்கியோ அதைக் குளிர்ந்தது என்கிறது! அளக்கும் இடத்தில் சூடு தாங்கும் மங்கல் கறுப்பு பெயின்ட்டை ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டின் மேல் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்லது தெர்மோகப்பிள். கே டைப் ஒன்று வாங்கப் பெரிய செலவில்லை. ஒன்றைக் குழாயின் சுவரிலும், இன்னொன்றை எஞ்சின் காற்று இழுக்கும் வாயிலிலும் வைத்து, ஷீல்டு போடுவதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் ஓட்டி எழுதி வையுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் பவரைத் தீர்மானிப்பது. குழு விரும்பினால் எந்த இடத்தில் எப்படிப் பொருத்துவது என்று மாலை டீக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பிலேயே காட்டித் தருகிறேன்.