பாட்டுக் கச்சேரிக்காரங்களுக்கு நம்ம மேடையில இடம் இருக்கா?

(தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் இருக்கும்போது முழுசா படிங்க, உங்க பகுதி நிர்வாகிகளுக்கும் அனுப்புங்க.)



வழக்கமா இந்தக் கூட்டத்துல எந்தப் பதிவு எத்தனை பேரைச் சேர்ந்துச்சு, யாருக்கு எப்படிப் பதில் சொல்லணும்னு பேசுவோம். இன்னைக்கு எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்துல வேற ஒண்ணு பேசப் போறேன். நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களைப் பத்தி. பாட்டுக் கச்சேரி, ஆர்கெஸ்ட்ரான்னு நாம கூப்பிடுற அதே ஆட்கள்தான்.

உங்க ஊர்ல யோசிச்சுப் பாருங்க. கீபோர்டு வாசிக்கிற ஒரு ஐயா இருப்பார். தபேலாவும் டோலக்கும் வாசிக்கிற ஒரு அண்ணன் இருப்பார். டி.எம்.எஸ். குரல்ல ஒருத்தர், ஜானகி அம்மா குரல்ல ஒருத்தர் பாடுவாங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் அறுபது தாண்டியிருக்கும். இன்னமும் மேடை ஏறுறாங்க. ஆனா ஒரு வருஷத்துல எத்தனை மேடைன்னு கேட்டுப் பாருங்க. விரல் விட்டு எண்ணிடுவாங்க.

இதை ஏன் ஒரு கட்சிக் கூட்டத்துல பேசணும்? காரணம் இருக்கு.

தமிழ்நாட்டுல கட்சி மேடையை வளர்த்ததுல பாட்டுக்காரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்சி பேதம் பார்க்காம சொல்றேன். காங்கிரஸ் மேடையில கே.பி.சுந்தராம்பாள் பாடினாங்க, பிறகு சட்ட மேலவை உறுப்பினராவே ஆனாங்க. திராவிட இயக்க மேடைகள்ல நாகூர் ஹனிபா பாடினார். கம்யூனிஸ்ட் மேடைகள்ல பாவலர் வரதராஜன் பாடினார். அந்தப் பாவலர் கூட ஊர் ஊரா போய் வாசிச்ச தம்பிகள்ல ஒருத்தர்தான் இளையராஜா. 1976ல 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னாடி அவருக்குப் பல வருஷ மேடை அனுபவம் இருந்துச்சு. எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்தின மெல்லிசைக் குழுவுலயும் அவர் வாசிச்சிருக்கார். சினிமா அவங்களைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி மேடைதான் சோறு போட்டுச்சு, பயிற்சியும் கொடுத்துச்சு.

அந்த மேடைகள் எங்கே போச்சு? இதுக்குக் காரணம் ஒண்ணு இல்ல, பல. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல தொழில்நுட்பம். நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால இதை ஒளிக்காம சொல்லணும். ஒரு காலத்துல ஒரு குழுன்னா பதினஞ்சு பேர். வயலின், புல்லாங்குழல், சாக்ஸபோன், ட்ரம்பெட், அக்கார்டியன், கிட்டார், காங்கோ, டிரம்ஸ், தபேலா. கீபோர்டு வந்ததும் வயலின்காரரும் சாக்ஸபோன்காரரும் வீட்டுக்குப் போனாங்க. ரிதம் பேட் வந்ததும் தாளக்காரங்கள்ல பாதிப் பேர் போனாங்க. மைனஸ் ட்ராக் வந்ததும் மிச்சப் பேரும் போனாங்க, பாடுறவங்க மட்டும் நின்னாங்க. இப்போ டிஜே வந்ததுல பாடுறவங்களுக்கும் வேலை இல்ல.

அடுத்தது பணம். விழாக் குழு கையில ஒரு தொகைதான் இருக்கும். முன்னாடி அதுல பெரும் பகுதி வாசிக்கிறவங்களுக்குப் போகும். இப்போ எல்.இ.டி. திரை, லைட்டு, பெரிய ஸ்பீக்கர்னு எல்லாம் போக மிச்சம்தான் கலைஞருக்கு. பத்து பேர் வந்தா பத்து பேருக்குப் பிரிக்கணும், வண்டி வாடகை, சாப்பாடு வேற. டிஜேன்னா ஒருத்தர், ஒரு லேப்டாப். கணக்குப் பார்க்கிற கமிட்டி எதை எடுக்கும்?

மூணாவது நேரம். ஒலி மாசு விதிகள் 2000ல வந்துச்சு. இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாது. அந்த விதி தேவைதான். நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் தூங்கணும். ஆனா விடிய விடிய நடந்த கச்சேரி மூணு மணி நேரமா சுருங்கினப்போ, அதுக்கு ஏத்த மாதிரி சாயங்கால மேடைகளை யாரும் ஏற்பாடு பண்ணல. அதே விதியில, பண்டிகை, கலாச்சார நாள்கள்ல வருஷத்துக்கு 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு அனுமதிக்கலாம்னு ஒரு வழியும் இருக்கு. இது எத்தனை விழாக் குழுவுக்குத் தெரியும்?

நாலாவது அனுமதி. கோயில் திருவிழாவுல 'ஆடலும் பாடலும்' நடத்த போலீஸ் அனுமதி கிடைக்காம உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போன ஊர்கள் ஏராளம். ஆபாசத்தைத் தடுக்கப் போட்ட கட்டுப்பாடுகள்தான் அவை. ஆனா பழைய பாட்டை மட்டும் உட்கார்ந்து பாடுற அறுபத்தஞ்சு வயசு ஐயாவும் அதே வரிசையிலதான் நிக்கணும். கோர்ட்டுக்குச் செலவு பண்றதை விட ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுட்டுப் போயிடலாம்னு கமிட்டி முடிவெடுத்துடுது.

இதெல்லாம் போதாதுன்னு கொரோனா. 2020லயும் 2021லயும் சித்திரைத் திருவிழாவே மக்கள் இல்லாம நடந்துச்சு. திருவிழா சீசனை நம்பி வாழ்றவங்களுக்கு அடுத்தடுத்து ரெண்டு சீசன் போச்சு. வாத்தியத்தை வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனவங்க எல்லாரும் திரும்பி வரல.

இப்போ நான் முக்கியமா சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன்.

மெல்லிசைக் கலைஞர் எந்தக் கணக்குலயும் சரியா உட்கார மாட்டேங்கிறார். ஜி.எஸ்.டி.யில ஒரு விலக்கு இருக்கு. நாட்டுப்புறக் கலை, செவ்வியல் கலை நிகழ்த்துறவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. சினிமாப் பாட்டு வாசிக்கிறவர் இந்த ரெண்டுல எதுலயும் வர மாட்டார். ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டாததால அவர் மேல வரி நேரா விழாதுங்கிறது வேற விஷயம். சட்டத்தோட கண்ணுக்கு அவர் 'கலைஞர்' பட்டியல்ல இல்லைங்கிறதைக் கவனிங்க.

அடுத்து இ-ஷ்ரம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்ட்ல ஒன்றிய அரசு தொடங்கின பதிவு. வயசு வரம்பு 16ல இருந்து 59. நான் சொல்ற ஆட்களுக்கு அறுபதைத் தாண்டிடுச்சு. வாழ்நாள் முழுக்க அமைப்புசாராத் தொழிலாளியா உழைச்சவர், பதிவேடு திறந்தப்போ வயசு முடிஞ்சவரா இருந்தார்.

அரசு செய்யட்டும்னு கேட்கிறது நம்ம உரிமை. கேட்போம். ஆனா அதுக்கு முன்னாடி நம்ம மேடையை நாமே பார்ப்போமா?

நம்ம பொதுக்கூட்டத்துல தலைவர் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் என்ன ஓடுது? பென் டிரைவ். அதே ஆறு பாட்டு, திரும்பத் திரும்ப. எப்பவாவது குழு வந்தாலும் நாம எப்படி நடத்துறோம்? "கட்சி நிகழ்ச்சிதானே, பார்த்துப் பண்ணிக்குங்க ஐயா"ன்னு காசைக் குறைக்கிறோம். நாலு மணிக்கு வரச் சொல்லி எட்டு மணி வரை நிக்க வைக்கிறோம். பாட்டு பாதியில இருக்கும்போது மைக்கைப் பிடுங்கி "வந்துகொண்டிருக்கிறார்"னு அறிவிக்கிறோம். மிச்சப் பணத்துக்கு மறுநாள் போன் போட்டா எடுக்கிறதில்ல. இது எல்லாக் கட்சியிலயும் நடக்கிறதுதான்னு சொல்லித் தப்பிக்க வேண்டாம். நம்ம கட்சியில நடக்கக் கூடாது.

"தம்பி, காலம் மாறிப் போச்சு, இளைஞர்கள் டிஜேதான் கேட்கிறாங்க"ன்னு நிர்வாகிகள் சொல்வாங்க. நானும் இளைஞன்தான், டிஜேவும் கேட்கிறவன்தான். அவங்களும் நம்ம பிள்ளைங்க, அவங்க பிழைப்பைக் கெடுக்கச் சொல்லல. ஆனா ஒரு ட்ராக்கால செய்ய முடியாத வேலை ஒண்ணு இருக்கு. பாடுறவருக்கு வயசாகிக் குரல் மேலே போகலைன்னா, வாசிக்கிறவர் சொல்லாமலே அரைக் கட்டை இறக்கி எடுப்பார். பாடகர் சரணத்தை மறந்துட்டா, ஞாபகம் வர்ற வரைக்கும் பின்னணி இசையை இன்னொரு சுத்து வாசிப்பார். கூட்டத்துல ஒரு பாட்டி சீட்டு எழுதிக் கொடுத்தா, அடுத்த பாட்டே அதுதான். எதிர்ல இருக்கிற மனுஷரைப் பார்த்து வாசிக்கிறதுக்கு நாப்பது வருஷப் பழக்கம் வேணும். அந்தப் பழக்கம் இந்தத் தலைமுறையோட போயிட்டா எந்த ஆப்புலயும் டவுன்லோட் பண்ண முடியாது.

அதனால உங்ககிட்ட அஞ்சு வேலை கேட்கிறேன்.

1. உங்க வார்டுல, ஒன்றியத்துல நடக்கிற அடுத்த நிகழ்ச்சியில ஒரு மணி நேரம் உள்ளூர் மெல்லிசைக் குழுவுக்குன்னு எழுதி வைங்க. அழைப்பிதழ்லயும் போஸ்டர்லயும் குழுவோட பெயர் வரணும்.

2. பேசின தொகையில பாதி அட்வான்ஸ். மீதி அன்னைக்கு ராத்திரியே, மேடையை விட்டு இறங்குறதுக்குள்ள. உட்கார நாற்காலி, நேரத்துக்குச் சாப்பாடு, வீட்டுக்குப் போக வண்டி. வயசானவங்க, இதெல்லாம் கேட்டு வாங்கக் கூச்சப்படுவாங்க.

3. நம்ம அணி வேலை. வீடியோ எடுத்துப் பெயரோட போடுங்க. சினிமாப் பாட்டு முழுசா போட்டா காப்புரிமைன்னு சத்தம் முடக்கப்படலாம், அதனால சின்னத் துணுக்கும் அவர் தன் அனுபவத்தைப் பேசுறதும் போதும். அவங்க சம்மதம் வாங்கி மாவட்ட வாரியா ஒரு பட்டியல் தயாரிப்போம். கல்யாணம், காதுகுத்துன்னு தேடுறவங்களுக்கு அது உதவும்.

4. காகித வேலை. நலிந்த நிலையில் உள்ள மூத்த கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவி தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியா இருக்கு. 2007ல தொடங்கின நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் இருக்கு. நையாண்டி மேளம், பறை வாசிக்கிறவங்க உங்க குழுவுல இருந்தா வாரிய அட்டை இருக்கான்னு கேளுங்க. கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்துக்கு ஒருநாள் கூடப் போயிட்டு வாங்க. விண்ணப்பம் நிரப்புறது நமக்கு அரை மணி நேர வேலை. அவங்களுக்கு அது மலை.

5. கிராம சபை வருஷத்துக்கு 6 தடவை கூடுது. சமுதாயக் கூடத்தையோ ஊர்த் திடலையோ மாசத்துல ஒரு சாயங்காலம், ஆறு மணியில இருந்து ஒன்பதரை வரைக்கும், உள்ளூர்க் கலைஞர்களுக்கு வாடகை இல்லாம கொடுக்கணும்னு தீர்மானம் வைங்க. நகரத்துல இருக்கிறவங்க உங்க கவுன்சிலர்கிட்ட மனு கொடுங்க. நம்ம கவுன்சிலரா இருந்தா இன்னும் உரிமையா கேளுங்க.

இந்த அஞ்சுல எதுக்கும் நாம ஆட்சியில இருக்கணும்னு அவசியம் இல்ல. பெரிய நிதியும் தேவையில்ல.

உங்க ஊர்க் குழுவோட பெயர், எத்தனை வருஷமா வாசிக்கிறாங்க, கடைசியா எந்த மேடையில வாசிச்சாங்க, இந்த மூணையும் கமெண்ட்ல எழுதுங்க. போன் நம்பரைப் பொதுவுல போட வேண்டாம், உங்க மாவட்டப் பொறுப்பாளருக்குத் தனியா அனுப்புங்க. இந்த வாரத்துக்குள்ள பட்டியல் வேலையைத் தொடங்குறோம்.



#மேடை_நம்ம_பொறுப்பு