ஊரா, தெருவா, மூலையா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பின் கேட்டுக்கு வெளியே இருக்கும் காலி மனையில் இரவில் கஞ்சா விற்கிறார்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது, நினைவிருக்கும். அரை மணி நேரத்தில் பேச்சு அந்த மனையை விட்டே போய்விட்டது. "அந்தக் காலனியே அப்படித்தான்", "அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களை நிறுத்த வேண்டும்" என்றெல்லாம் எழுதினோம். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். போதை வியாபாரம் நடக்கும் இடத்துக்கும் கொலை நடக்கும் இடத்துக்கும் என்ன தொடர்பு? இதை அமெரிக்க நகரங்களில் சம்பவம் சம்பவமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

1988-ல் நியூயார்க்கில் கிராக் கொக்கைன் தலைவிரித்து ஆடிய காலம். பால் கோல்ட்ஸ்டைன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்த ஆண்டில் நடந்த 414 கொலைச் சம்பவங்களை ஆராய்ந்தார்கள். பாதிக்குச் சற்று மேல் போதைப்பொருளோடு தொடர்புடையவை. போதை தலைக்கேறிக் குத்தியிருப்பான், அல்லது வாங்கக் காசில்லாமல் திருடப்போன இடத்தில் கொன்றிருப்பான் என்றுதானே நினைப்போம்? அப்படியும் நடந்தன, ஆனால் குறைவு. போதை தொடர்பான கொலைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, வியாபாரத் தகராறு. இது என் இடம், உன் இடம், பாக்கி தரவில்லை, சரக்கில் ஏமாற்றினாய். நம் மளிகைக்கடைக்காரரை யாராவது ஏமாற்றினால் அவர் போலீசுக்குப் போவார், கோர்ட்டுக்குப் போவார். இவர்கள் எங்கே போவார்கள்? துப்பாக்கிதான் பஞ்சாயத்து.

அந்தச் சண்டை எதற்காக என்று கவனியுங்கள். ஒரு தெருமூலைக்காக. முன்பின் தெரியாதவர்கள் வந்து வாங்கிப்போகிற வியாபாரத்துக்கு மெயின் ரோட்டுக்குப் பக்கம், இருட்டு, கேள்வி கேட்க ஆளில்லாத இடம் வேண்டும். அப்படிப்பட்ட மூலைகள் ஊரில் கொஞ்சம்தான். கொஞ்சமாக இருப்பதால்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

மின்னியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் முகவரிவாரியாகப் பிரித்து 1989-ல் வெளியிட்டார்கள். சுமார் 3 சதவீத இடங்களிலிருந்தே பாதி அழைப்புகள். சியாட்டிலில் டேவிட் வைஸ்பர்ட் 14 ஆண்டுக் கணக்கைப் பார்த்தார். அங்கும் பாதிக் குற்றங்கள் ஐந்து சதவீதத்துக்கு மேற்படாத தெருத்துண்டுகளில் நடந்தன. கெட்ட பெயர் எடுத்த பகுதிக்குள்ளேயே பெரும்பாலான தெருக்கள் அமைதியாக இருக்கின்றன. அந்த ஒரு மூலையால் முதலில் அவதிப்படுகிறவர்கள் அதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள். நாம் வாட்ஸ்அப்பில் திட்டியது அவர்களைத்தான்.

நியூயார்க்கில் 1990-ல் 2,200-க்கும் மேல் கொலைகள். 2017-ல் 300-க்கும் கீழ். போதைப் பழக்கம் ஒழிந்ததாலா? இல்லை. இதற்குக் காரணம் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். போலீஸ் முறை மாறியது, கிராக் மோகம் தணிந்தது என்று. அவற்றில் ஒன்று, பேஜரும் செல்போனும் வந்து விற்பனை மூலையை விட்டு வீட்டு வாசலுக்குப் போனது. (இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. பழக்கத்தில் விழுந்தவர் வீட்டில் துயரம் அப்படியேதான் இருக்கிறது. குறைந்தது கொலை.)

வட கரோலினாவில் ஹை பாயிண்ட் என்ற ஊர். அங்கே வெஸ்ட் எண்ட் பகுதியில் தெருவில் வெளிப்படையாக வியாபாரம். ஆண்டுக்கணக்கில் ஆட்களைப் பிடித்தும் பலனில்லை. ஒருவன் போனால் அதே இடத்தில் இன்னொருவன் நின்றான். 2004-ல் வன்முறை செய்தவர்களைக் கைது செய்துவிட்டு, மற்ற விற்பனையாளர்களை வீட்டாரோடு கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஆதாரத்தைக் காட்டி, "நிறுத்தினால் வழக்கு இல்லை, வேலைக்கு உதவுகிறோம்" என்றார்கள். அந்தப் பகுதி மக்களும் எதிரே உட்கார்ந்து "போதும்" என்றார்கள். தெருவியாபாரம் கலைந்தது. என் பார்வையில், அந்த மக்கள் வந்து உட்கார்ந்ததுதான் பெரிய விஷயம்.

பிலடெல்பியாவில் செய்தது இன்னும் எளிது. 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் குப்பையை அள்ளி, புல்லும் மரமும் வைத்து, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஏழ்மையான பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது என்று 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உள்ளே நடப்பது தெரியாத உயரமான சுவர் எழுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் அஜெண்டாவில் ஐந்தாவதாக இருப்பது அந்தச் சுவர்தான்.

நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றில் கூடுதலாக விளக்குக் கம்பங்கள் வைத்துப் பார்த்தபோது, வெளியிடங்களில் இரவு நேரத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

நம் பின் கேட்டுக்கு வெளியே கம்பம் இருக்கிறது, பல்பு எரிவதில்லை. மனைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், முள்செடி அவர் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. விளக்குக்காக மாநகராட்சிக்கு ஒரு மனு, மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி உரிமையாளருக்கு ஒரு கடிதம், இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். காலனியிலிருந்து இரண்டு பெரியவர்களும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். கிளப் ஹவுஸில் நாற்காலி போட்டு வைக்க செயலாளர் அனுமதிக்க வேண்டும்.