வேலை போகும் வேளையில் கற்றல்
(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)



முதுமையுற்ற தரசேனாசாரியார், தாம் கற்றது தம்மோடு மறைந்துவிடலாகாது எனக் கருதிப் புட்பதந்தர், பூதபலி என்னும் முனிவர் இருவரை வருவித்துக் கற்பித்தார். அக்கல்வி நூலாக நிறைவுற்ற நாளே இது. இந்நாளில் கணினிப் பணி பற்றிப் பேசுவதைப் பெரியோர் பொறுத்தருள்க. வயலை நம்பியிருந்த நம் குடும்பங்களுள் பல, இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினியை நம்பியே வாழ்கின்றன.

வங்கி மென்பொருளைக் கையால் சோதித்துப் பிழை காணும் பணியில் 14 ஆண்டுகள் இருந்தேன். என் 41ஆம் வயதில், “திட்டம் முடிகிறது, 2 மாதத்திற்குள் வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றனர். மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. வெட்கம். கிளவுட், டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று ஐந்து இணைய வகுப்புகளில் சேர்ந்தேன், ஒன்றையும் முடித்தேனில்லை. “வேலை உறுதி” என்ற பயிற்சி நிலையம் ஒன்றுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டவும் துணிந்தேன். நகையைக் கேட்டபோதுதான் துணைவியிடம் உண்மையைச் சொல்ல நேர்ந்தது. அவர் அழவில்லை. “இத்தனை ஆண்டில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது எது?” என்று கேட்டார். கடன் கணக்கில் வட்டி எங்கே தவறும் என்பது தெரியும் என்றேன். “அதற்குப் பக்கத்தில் உள்ளதைப் படியுங்கள்” என்றார்.

பக்கத்தில் இருந்தவை மூன்று. தரவுத்தளத்தை வினவும் எஸ்.க்யூ.எல்., அடுத்துப் பைத்தான், பின்னர் உலாவியைத் தானே இயக்கிச் சோதிக்கும் செலினியம். ஏனையவற்றை விட்டுவிட்டேன். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம்.

எப்படிக் கற்பது என்பதைத் தத்துவார்த்த சூத்திரம் முன்பே வகுத்திருக்கிறது. ஓதுதல், வினாவுதல், சிந்தித்தல், திரும்பச் சொல்லிப் பழகுதல், பிறர்க்கு உரைத்தல் எனச் சுவாத்தியாயம் ஐவகை. நான் காணொளி பார்ப்பதோடு, அதாவது முதல் வகையோடு, நின்றிருந்தேன். மிகவும் அரிதாக இருந்தது வினாவுதலே. என்னைவிட 16 வயது இளையவனான தங்கை மகனிடம் ஐயம் கேட்க நாணினேன். கேட்ட பிறகு ஒரு வாரத்துத் தடுமாற்றம் அரைமணியில் தீர்ந்தது. பழகுதலும் அவ்வாறே. எழுதிய நிரலை அழித்து, மறுநாள் பாராமல் மீண்டும் எழுதுவேன். பிழை வரும், அப்பிழையைத் திருத்தும்போதே கல்வி கைவசமாயிற்று. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கமும் துணை செய்தது. மாலை ஏழு மணி முதல் பத்து வரை வேறு வேலையில்லை.

இரண்டு மாதம் போதவில்லை. ஏழாம் மாதத்தில்தான் வேலை கிடைத்தது. ஊதியமும் முன்னையினும் குறைவு. இதை மறைத்துப் பேசுவது முறையாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வேலை இழந்து வீட்டிலிருக்கும் பிள்ளையைத் திருமணங்களில் உறவினர் கேள்வி கேட்டால், அவன் சார்பில் நீங்களே தலைநிமிர்ந்து விடையளியுங்கள்.

ஐந்தாம் வகை எனக்கு இன்னும் நிறைவேறவில்லை. வரும் ஞாயிறு முதல், காலை வழிபாடு முடிந்ததும் ஜினாலய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருப்பேன். எஸ்.க்யூ.எல்.லில் தொடங்குவோம். மடிக்கணினி இல்லாதோர்க்கு என் பழையது ஒன்று இருக்கிறது; மின்கலம் மட்டும் நிற்காது, மின்னிணைப்பு அருகே அமர வேண்டும்.